உருளையில் போடக் கூடாத கல்

போன மாதம் ஒரு மதியம். இந்தப் பத்திக்கு விஷயம் கிடைக்காமல் வராந்தாவில் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு பென்ஷன்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார், கடகடன்னு சத்தம் வருது... மைன்ஸ் தொறந்துட்டாங்களா?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குச் சிரிக்கக் கூடாது. கோலார் தங்கவயலில், அதாவது கே.ஜி.எஃப்.பில், சுரங்கத்தை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் வாரத்துக்கு ஒருவராவது அதைத் திறந்துகொண்டுதான் இருக்கிறார் — டீக்கடையில்.

"இல்லீங்க. எங்க வீட்டம்மா கல்லுக்கு பாலிஷ் போடறாங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. கல்லுக்கு பாலிஷா? அதுவும் இந்த ஊரிலா? சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. என் மனைவி தேவகி இங்கே இருக்கும் பெரிய இன்ஜினியரிங் ஃபேக்டரியில் டூல் ரூமில் வேலை பார்த்தவள். ரிட்டயர் ஆனதும் கோயில், குளம் என்று போவாள் என நினைத்தேன். அவளோ பழைய வாஷிங் மெஷினின் மோட்டாரைக் கழற்றினாள். இரண்டு ரோலர், ஒரு பெல்ட், உள்ளே ரப்பர் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் டப்பா... உருளை தயார். அதில் கல்லையும் தண்ணீரையும் சாணைப் பொடியையும் போட்டு நாள்கணக்கில் உருட்டினால், கற்கள் ஒன்றோடொன்று உரசி மழமழவென்று வந்துவிடுமாம். பூந்தொட்டியில் போடலாம், மீன்தொட்டியில் போடலாம்.

முதல் லோடு எப்படிப் போட்டாள் என்கிறீர்கள்? பேத்தமங்களா ஏரிக்கரையில் பொறுக்கிய கருங்கல், சுரங்கக் கழிவு மேட்டில் கிடந்த வெள்ளைக் குவார்ட்ஸ், பச்சையாகச் சில மாக்கல் — எல்லாம் ஒரே டப்பாவில். தண்ணீர் கொஞ்சம், வேகம் முழுசு. அந்தக் காலத்தில் சுரங்கத்தின் பாறை அரைக்கும் மில்லில் இருந்த ஒருவர் வேடிக்கை பார்க்க வந்து, "இன்னும் ஸ்பீடு ஏத்தும்மா" என்று வேறு உசுப்பிவிட்டார்.

ஒரு வாரம் கழித்துத் திறந்தோம். குவார்ட்ஸ் இருந்தது. கருங்கல் இருந்தது. மாக்கல்லைக் காணோம். அடியில் கூழாகக் கிடந்தது.

யோசித்துப் பார்த்தால், இந்தத் தப்பை எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும். எங்களுக்கு உருளை என்றால் ஒரே வேலைதான் தெரியும். பாறையை உள்ளே தள்ளு, மாவாக்கு, தங்கத்தை எடு. உருளைக்குள் போன கல் கல்லாகவே வெளியே வர வேண்டும் என்ற எண்ணமே எங்கள் ரத்தத்தில் கிடையாது. மில் கணக்குப்படி பார்த்தால் தேவகியின் முதல் லோடு பிரமாதமான வெற்றி.

அந்தக் கூழை நாங்கள் இருவரும் அந்த மில்காரரும் சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு சரோஜாக்கா உள்ளே வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம்.

சரோஜாக்காவின் கணவர் அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். நெஞ்சில் பாறைத் தூசி படிந்து, இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர். துண்டுக்குள் இருந்தது அவர் சுரங்கத்தின் அடி லெவலிலிருந்து கொண்டுவந்த கல். பால் வெள்ளை. உள்ளங்கை அளவு. ஒரு பக்கம் மட்டும் மூக்கு மாதிரி மெல்லிசாக நீட்டிக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் சோதனை போட்டவர்களே, இதில் பொன்னுமில்லை ஒரு மண்ணுமில்லை என்று சிரித்து விட்டுவிட்டார்களாம்.

"கவிதா பெங்களூர்ல வூடு வாங்கிக்கீறா இல்ல. ஞாயித்துக்கெழம பால் காய்ச்சறா. அவங்கப்பா பேரைச் சொல்ல இத்தத்தான் குடுக்கணும்னு கீறேன். பளபளன்னு இருந்தா ஷோகேஸ்ல வெப்பா. இப்படியே குடுத்தேன்னா பால்கனி கதவுக்கு முட்டுதான் குடுப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும். கவிதா அவருடைய ஒரே மகள், ஐ.டி. கம்பெனியில் நல்ல வேலை. யாராவது சொந்த ஊரைக் கேட்டால் "கோலார் சைடு" என்பாள். வற்புறுத்திக் கேட்டால் "பெங்களூருக்குப் பக்கம்". தங்கவயல் என்று அவள் வாயிலிருந்து வந்து சரோஜாக்கா கேட்டதில்லை.

தேவகி கல்லைத் திருப்பி, அடிப்பக்கத்தில் கத்தி முனையால் லேசாக ஒரு கீறு கீறினாள். வெள்ளையாகக் கோடு விழுந்தது.

"ரொம்ப மெத்துன்னு இருக்குக்கா. கால்சைட், சுண்ணாம்பு ஜாதி. மத்த கல்லோட போட்டா கரைஞ்சுடும். தனியா போட்டாலும் இந்த மூக்கு உடைஞ்சிடும். மொதல்ல அதை மழுக்கணும்."

இருப்பதோ ஒரே கல். உடைந்தால் சுரங்கத்துக்குள் போய் இன்னொன்று எடுத்துவர முடியுமா? கீழே முழுக்கத் தண்ணீர்.

எதிர்வீட்டு பாபு வந்து சேர்ந்தான். டைல்ஸ் போடுகிறவன், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். எந்த வேலையையும் ஐந்து நிமிஷம் என்பான். "குடுங்க பெரிம்மா, மிஷின்ல ஒரு இழுப்பு" என்று கட்டிங் மெஷினை எங்கள் வராந்தா பிளக்கில் மாட்டினான். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பிளேடு கல்லின் மூக்கைத் தொட்டது. புஸ்ஸென்று வெள்ளையாகப் புகை கிளம்பியது.

சரோஜாக்கா அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. மூட்டுவலிக்காரர். நேராகப் போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"இன்னா பெரிம்மா, சும்னே பயப்படறீங்க. வெள்ளக் கல்லு ஒண்ணும் பண்ணாது."

"எந்தக் கல்லு இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாதுப்பா. எங்க வூட்டாளு மூச்சு வுட்ட சத்தம் எனக்குத் தெரியும். கல்லு கோணலாவே இருந்துட்டுப் போவுது. தூளு பறக்கக் கூடாது." பிறகு அவனை நிதானமாகப் பார்த்துக் கேட்டார்: "நாள்பூரா இதைத்தான் முழுங்கினு கீறியா நீ?"

பாபு மெஷினைக் கீழே வைத்தான். மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துப் பார்த்தான். பிறகு அவனே போய்க் குழாயடியில் பக்கெட்டை வைத்தான்.

எனக்கு அப்போது வந்த கர்வத்தை மறைக்க விரும்பவில்லை. நாட்டில் எத்தனை ஊர்களில் கல் அறுக்கிறார்கள், பட்டை தீட்டுகிறார்கள்... தூசியைக் கண்டதும் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குகிற பெண்கள் எத்தனை ஊரில் இருக்கிறார்கள்? எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அந்தப் படிப்புக்கு நாங்கள் கட்டிய ஃபீஸ் அதிகம். ஆனால் படிப்பை நாங்கள் மறக்கவில்லை.

அப்புறம் எல்லாம் தண்ணீருக்குள்தான். கல்லை பக்கெட்டில் முக்கிவைத்து, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தோம். தேவகி தேய்த்தாள், சரோஜாக்கா தேய்த்தார், பாபு வேலையிலிருந்து வந்து தேய்த்தான். மூக்கு உடையாமல் மழுங்கி வந்தது.

அதற்குப் பிறகே உருளை. இந்தத் தடவை வேறு கல் எதுவும் கிடையாது. பழைய சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, பிளாஸ்டிக் மணிகளோடு கலந்து டப்பா நிறைய மெத்தை போட்டாள். கல் விழுந்து அடிபட இடமே கூடாதாம். தண்ணீர் தாராளமாக, பொடி மாவாட்டம் நைசாக. புல்லியை மாற்றி வேகத்தை அரைவாசிக்கும் கீழே கொண்டுவந்தாள். நினைத்தபோதெல்லாம் நிறுத்தித் திறந்து தடவிப் பார்த்தாள்.

எனக்குக் கொடுத்த வேலை கூழ் அள்ளுவது. அதைச் சாக்கடையில் ஊற்றினால் சிமென்ட் மாதிரி இறுகிக்கொள்ளுமாம். பக்கெட்டில் தெளியவைத்து, மேல் தண்ணீரை மறுபடி எடுத்துக்கொண்டு, வண்டலை ஈரமாகவே மூட்டை கட்ட வேண்டும். ஊரைச் சுற்றி மலை மலையாகக் கழிவுமண் கிடக்கிறது. என் பங்குக்கு வீட்டுக்குப் பின்னாலும் இப்போது ஒரு குட்டி மலை.

சனிக்கிழமை கல் வெளியே வந்தது. கண்ணாடி மாதிரி மின்னவில்லை. மென்மையான கல்லுக்கு அவ்வளவுதான் வரும் என்றாள் தேவகி. ஆனால் உள்ளே விளக்கு வைத்தாற்போல் ஒரு வெளிச்சம். மூக்கு முழுசாக இருந்தது. சரோஜாக்கா கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

ஞாயிறு அதிகாலை ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். பெங்களூர் வரும் வரை கல் சரோஜாக்காவின் மடியை விட்டு இறங்கவில்லை.

கவிதா வீட்டில் ஒரே கூட்டம். துண்டைப் பிரித்ததும் அவள் கல்லைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "இதுவாம்மா?" என்றாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சரோஜாக்கா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவளுடைய ஆபீஸ் தோழி ஒருத்தி அதை வாங்கித் தடவிப் பார்த்தாள். ரொம்ப அழகாக இருக்கிறதே, எந்தக் கடையில் வாங்கினாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கவிதா கல்லைத் திருப்பி வாங்கினாள். பிறகு ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்தினாள், தமிழில் முடித்தாள்.

"வாங்கலடி. எங்கப்பா பூமிக்குள்ள போய் எடுத்துனு வந்தது. நான் கே.ஜி.எஃப். பொண்ணு."

ஷோகேஸின் நடுத்தட்டில் இருந்த பரிசுக் கோப்பையை நகர்த்திவிட்டு அவளே கல்லை வைத்தாள். சரோஜாக்கா ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் எதிர் சீட்டில் இருந்தவர் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். "உங்களுக்கு எந்த ஊரும்மா?"

சரோஜாக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கே.ஜி.எஃப்.புங்க. எம் பொண்ணு ஊரு."