எத்தனை கிலோ தாங்கும்?

காலை பத்து இருபதுக்கு நான் முதலில் பார்த்தது அவருடைய கைகளை. ஏலகிரியில் பலாமரத்தின் மேல் கட்டிய மேடையில் எனக்கு முன்னால் நின்று, இடுப்பில் மாட்டிய பெல்ட்டின் கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். நகங்களில் கிரீஸ் கறை. 2009இல் காக்களூர் தொழிற்சாலை ஒன்றின் ஆட்கள் வேன் பிடித்துப் போன சுற்றுலா அது. ஒரு இருக்கை காலியாக இருந்ததால் நானும் சேர்ந்துகொண்டேன்.

மரத்துக்கு மரம் கம்பியில் தொங்கிப் போக வேண்டும்.

"இன்னாண்ணே, பயந்துக்கினியா? ஊட்டுக்குப் போன் போடவா?" என்று பின்னாலிருந்து ஒருவன் சீண்டினான்.

அவர் திரும்பவில்லை. பெல்ட் மாட்டிவிடுபவரிடம் கேட்டார்: "இது எத்தினி கிலோ தாங்கும்பா?"

"நூறு கிலோ ஆளையே அனுப்புறோம்ணே."

"என் தம்பி அம்பது கிலோகூட இல்ல."

சீண்டியவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"இதே பெல்ட்டு கம்பெனி பீரோல கீது சார். பேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தா எடுப்போம், போனா பூட்டிடுவோம். சாவி என்கிட்டதான். அன்னிக்கு தம்பி கூரை ஷீட்டு மாத்த ஏறுனான். அஞ்சு நிமிஷ வேலைக்கு இன்னாத்துக்குடா பெல்ட்டுன்னு நான்தான் சொன்னேன். ஷீட்டு உடைஞ்சி உழுந்து, அங்கேயே போயிட்டான்."

முறை வந்ததும் போனார். மற்றவர்கள் கத்திக்கொண்டே போனார்கள். அவர் கொக்கியையே பார்த்துக்கொண்டு போனார்.

ஒன்றேகாலுக்கு இலை போட்டார்கள். அவர் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து சாப்பிட்டார்.