பத்து இசக்கியம்மாள்கள்

ஐம்பத்து மூன்றாம் வருஷம் இசக்கியம்மாள் ஒரு பெரிய பொய் சொன்னாள். துறைமுகத்தில் கப்பலுக்குக் கரிக்கூடை சுமக்கிறவள், மகளைப் பெண் கேட்டு வந்த வண்ணாரப்பேட்டை மளிகைக்கடை வீட்டாரிடம் அவித்த கடலை விற்பதாகச் சொல்லிவிட்டாள். கரிக்காரி வீட்டில் யார் சம்பந்தம் செய்வார்கள் என்ற பயம்தான். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் குழாயடியில் செங்கல்தூள் போட்டுத் தேய்த்துக் குளித்து, சேலை மாற்றி, இடுப்பில் கடலைக்கூடையோடுதான் ராயபுரத்துத் தெருவுக்குள் நுழைவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு இவ்வளவு பாடு உண்டுதானே! கூடச் சுமக்கிற பெண்களில் ஒருத்தியைக்கூடக் கல்யாணத்துக்கு அழைக்க முடியாது. அதுதான் அவளை அறுத்தது.

இந்த நேரம் பார்த்து டிராயிங் மாஸ்டர் ஞானதுரை வந்து சேர்ந்தார். கப்பல்துறையில் உட்கார்ந்து எந்நேரமும் எதையாவது வரைகிற மனுஷன். பள்ளிக்கூடத்தில் அச்சுப்படக் கண்காட்சி வைத்திருப்பதாகவும், அதில் அவள் படமும் இருப்பதாகவும் பல்லெல்லாம் தெரியச் சொன்னார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அரிசி போடுவதே மாப்பிள்ளை வீட்டுக் கடைதான். மாப்பிள்ளையின் தாய் சீனியம்மாளுக்கு அழைப்பு போகாமலா இருக்கும்? படத்தைக் கழற்ற வைக்க வேண்டும் என்று கடலைக்கூடையோடு ஓடினாள்.

கூடத்தில் நுழைந்ததுமே அது கண்ணில் பட்டது. படத்தில் கப்பல் கறுப்பு, கரிக்குவியல் கறுப்பு, தலைமேல் கூடையும் கறுப்பு. அவள் மட்டும் வெள்ளை. நெற்றியும் கழுத்தும் கூடையைப் பிடித்த கையும் விளக்கேற்றி வைத்ததுபோல் இருந்தன.

"இன்னா சார், என்கிட்ட வரசொல்ல மை தீந்துபூட்ச்சா?"

ஞானதுரை சிரித்துக்கொண்டே ஒரு மரப்பலகையை அவள் கையில் கொடுத்தார். "இதுதாம்மா அச்சு. உளியால தோண்டின எடத்துல மை ஒட்டாது, அது வெள்ளையா வரும். கப்பலை அப்படியே விட்டுட்டேன். மாசக்கணக்கா செதுக்கினது உங்களைத்தான்."

அவள் விரல் பள்ளங்களில் ஊர்ந்தது. கழுத்து எலும்பு, கை நரம்பு, கண்ணோரச் சுருக்கம், எல்லாம் இருந்தன. செங்கல்தூளுக்குப் போகாத கரி இந்த மனுஷனின் கண்ணுக்கு மட்டும் எப்படிப் படாமல் போயிற்று? அதுவும் கூடை தலையில் இருக்கும்போதே! அம்மன் சந்நிதியில் நிற்கிறவள்போல் வாய் பிளந்து நின்றாள்.

பிறகுதான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது. "சார், இத்தக் கழட்டிடு சார். என் பொண்ணு கல்யாணம் நின்னுபூடும்."

அவர் முகம் வாடியது. "கழட்டிடறேம்மா. ஆனா இந்தக் கட்டையில பத்துப் படம் போட்டேன். ஏழு வித்துப்போச்சு."

"பத்து நானா!"

ஏழு இசக்கியம்மாள்கள் யார் யார் வீட்டிலோ கரிக்கூடையோடு நிமிர்ந்து நிற்கிறார்கள். இவள் ஒருத்திதான் கடலைக்கூடையோடு ஒளிகிறாள். அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"என்ன மயினி, இங்கயும் கடலை விக்க வந்துட்டியளா?"

சீனியம்மாள் வாசலில் நின்றாள். இசக்கியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"கடலையும் இல்ல, ஒண்ணும் இல்ல மயினி. கப்பலுக்குக் கரி தூக்கறேன். அந்தப் படத்துல கீறது நான்தான்."

சீனியம்மாள் படத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து இவள் கையைத் திருப்பிப் பிடித்தாள். "பூ வைக்க வந்த அன்னைக்கே பார்த்தேன். கடலை விக்கிறவளுக்கு நகக்கண்ணுல கரி ஏது? நானா எத்தனை பேச்சுக் குடுத்தும் நீங்க வாயத் தொறக்கல. எங்கள நம்பாத வீட்டுல பொண்ணு வேண்டாம்னு சொல்ல, இங்கயிருந்து நேரா உங்க வீட்டுக்குத்தான் வாறதா இருந்தேன்."

இசக்கியம்மாள் கையை இழுத்து முந்தானைக்குள் மறைத்தாள்.

"இப்பதான் நீங்களே வாயத் தொறந்துட்டியளே, இனி அத எதுக்குச் சொல்ல?" என்று சீனியம்மாள் மறுபடி படத்தின் பக்கம் திரும்பினாள். "உங்ககூடக் கரி தூக்குறவுக எத்தனை பேரு மயினி? பந்திக்கு எலை சொல்லணும்லா."

இசக்கியம்மாள் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டாள்.