மடவளையிலிருந்து கலஹாவுக்கு ஒரு லேடீஸ் சைக்கிள்

கண்டியில் சைக்கிள் ஓடலாமா என்று கேட்பவர்களுக்கு "ஓடலாம், ஆனால் ஒருவரும் ஓடுவதில்லை" என்றே இவ்வளவு காலமும் பதில் சொல்லிவந்தேன். சென்ற சனிக்கிழமையோடு அந்தப் பதிலை மாற்றிவிட்டேன். மடவளையில் ஒரு லேடீஸ் சைக்கிளை வாங்கி, கட்டுகஸ்தோட்டை, கண்டி, பேராதனை வழியாக, கலஹாவுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டப் பாடசாலை வரை நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். சுமார் முப்பத்தொன்பது கிலோமீற்றர். எனக்கு வயது நாற்பத்து நான்கு. கதிரையில் உட்காரவும் எழும்பவும் இன்னும் மேசையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சைக்கிள் எனக்கல்ல, வசந்தாவுக்கு. வசந்தாவும் நானும் போன வருடம் பேராதனை ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்காரர்கள். இருவருக்கும் பித்தப்பையில் கல். சிரித்தால் தையல் பிரியும் என்று தாதி அதட்டியும் சிரித்துச் சிரித்துச் சிநேகிதமானோம். அவள் கலஹாவில் தாயோடு இருக்கிறாள். அங்கிருந்து நாலு கிலோமீற்றர் தள்ளியுள்ள தோட்டத்துப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்கு அவள் ஒருத்திதான் ஆசிரியை. முன்பு அந்தப் பக்கம் ஒரு தனியார் பஸ் போய்வந்தது. நாட்டு நிலைமை இப்படியானதும் பஸ்காரர் அதை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து வசந்தாவுக்கு நடைதான். காலையில் பிந்திப் போய்ச் சேருவாள், மாலையில் மழையில் நனைந்து திரும்புவாள். போதுமென்று இடமாற்ற விண்ணப்பத்தை நிரப்பிவிட்டாள். அதைக் கொடுக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை.

"சைக்கிள் இருந்தால் நிற்பியா?" என்று கேட்டேன்.

"இருந்தா நிப்பேன்க்கா. இந்தப் புள்ளைங்கள விட்டுட்டுப் போக எனக்கு மட்டும் ஆசையா?" என்றாள்.

கலஹா மலைதான். ஆனால் அவள் போகும் தோட்டத்துப் பாதை மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறையச் சமமாகப் போகிறது. நடந்து பார்த்திருக்கிறேன். நாலு ஞாயிற்றுக்கிழமைகள் பேராதனைப் பல்கலைக்கழகத்து மரங்களுக்குக் கீழே இரவல் சைக்கிளில் அவளுக்கு ஓடப் பழக்கினேன். மூன்று தடவை விழுந்தாள், அதில் ஒரு தடவை என் மேலே. ஆக, சைக்கிள் மட்டும்தான் மேலே போய்ச் சேர வேண்டியிருந்தது.

பஸ்ஸில் ஏற்ற முடியாது. குண்டுப் பயத்தில், இந்த நாட்களில் சொந்தக்காரர் மடியில் இல்லாத பொதி எதையும் எந்தக் கொண்டக்டரும் ஏற்றமாட்டார். முச்சக்கர வண்டிக்காரர்கள் கேட்ட வாடகைக்கு இன்னொரு சைக்கிள் வாங்கலாம். அதைவிட உண்மையான காரணம் எனக்கு ஓட ஆசை. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து பதினாறு வருடங்களாகின்றன. அங்கே பள்ளிக்கூடம், ரியூஷன், கோயில், சந்தை எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். செருப்பு மாதிரி, வாசலுக்குப் போனால் கால் தானாகத் தேடும்.

மடவளையில் பழைய சைக்கிள் விற்கிற கடை பள்ளிவாசலைத் தாண்டி இடது பக்கம். விலை ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா. முன்னால் கூடை, பின்னால் கரியர், புது டயர். கடைக்காரர் பிரேக்கை இறுக்கிக்கொண்டே கேட்டார்.

"மகளுக்கா மிஸ்?"

"இல்லை. சிநேகிதிக்கு. இப்ப நான்தான் ஓடிக்கொண்டு போகப்போறன்."

"எங்கனக்கி?"

"கலஹாவுக்கு."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். உள்ளே திரும்பி, "உம்மா, இங்க கொஞ்சம் வாங்க, இந்த மிஸ் சைக்கிள்ல கலஹாவுக்குப் போறாங்களாம்!" என்று கூப்பிட்டார். தாயார் முக்காட்டைச் சரிசெய்தபடி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டுல எதும் கோவமா மகள்?" என்று கேட்டார். இல்லையென்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. வழியில் சாப்பிட என்று ஒரு பணிஸைத் தாளில் சுற்றித் தந்தார்.

ஏழு பத்துக்குப் புறப்பட்டேன். முதல் நூறு மீற்றர் ஆடிற்று. பிறகு உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கட்டுகஸ்தோட்டை வரை ஏழு கிலோமீற்றர், பெரும்பாலும் இறக்கம். காற்றில் சேலை படபடக்க (கரையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தேன், பெண் வாசகர்கள் கவனிக்க) பாலத்துக்கு வந்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் வந்த லொறியின் கிளீனர் பயந்துபோனார்.

கண்டி நகரம் வேறு கதை. இங்கே சைக்கிளில் போகிறவர்கள் பாண் விற்பவர்களும் லொத்தர் சீட்டு விற்பவர்களும்தான். அந்த இரண்டும் விற்காத ஒரு பெண் வந்தால் வீதிக்கு அவளை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை. பஸ்கள் கோபத்தோடு அல்ல, நான் அங்கே இல்லையென்பது போல ஒதுக்கிக்கொண்டு போயின. வாவியை ஒரு சுற்று வரலாமென்ற ஆசையில் போனேன். தலதா மாளிகைப் பக்க வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டிருப்பது தெரிந்ததுதான், ஆனால் சைக்கிளுமா என்று ஒரு நப்பாசை. சைக்கிளும்தான். வந்த வழியே திரும்பினேன். கண்டி வாவிக்கு இப்போது பாதிச் சுற்றுத்தான் உண்டு.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

பேராதனைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சோதனைச் சாவடி. தூரத்திலேயே மணல் மூட்டைகளைக் கண்டேன். கண்டதும் என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. ஐம்பது மீற்றர் முன்னதாகவே இறங்கி, தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையைக் கையில் எடுத்து, சைக்கிளை இடது பக்கமாக உருட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நடந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆமிச் சென்ரிக்கு முன்னால் எல்லோரும் அப்படித்தான். ஓடிக்கொண்டு போனால்தான் ஆபத்து.

கண்டியில் அப்படியில்லை. எனக்கு முன்னால் போன பாண்காரர் ஓடியபடியே போனார், சிப்பாய் கையசைத்தார், அவ்வளவுதான். நான் மட்டும் தூரத்திலேயே இறங்கிக் குனிந்து வருகிறேன். விசில் ஊதியது. இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

"ஏன் அங்கே இறங்கினாய்? எங்களைக் கண்டதும் ஏன் இறங்கினாய்?" என்று இளம் சிப்பாய் சிங்களத்தில் கேட்டார். துவக்கு நேராக இல்லை, ஆனால் தோளிலும் இல்லை.

"பழக்கம்," என்றேன்.

"எந்த ஊர்ப் பழக்கம்?"

சொல்லித்தான் ஆக வேண்டும். "யாழ்ப்பாணம்."

அதன் பிறகு சைக்கிளைப் படுக்கவைத்துச் சீட்டைக் கழற்றினார்கள். அதன் கீழுள்ள குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்த்தார்கள். பெண் பொலிஸ் என் பையில் இருந்த பணிஸை இரண்டாகப் பிய்த்துப் பார்த்தார். கடைக்காரர் தந்த பற்றுச்சீட்டு கை மாறி மாறிப் போனது. வெயில் ஏறியது. சைக்கிளை வைத்துக்கொண்டு என்னை மட்டும் அனுப்பிவிடுவார்கள் என்று இளையவர் பேசியதிலிருந்து விளங்கியது. எனக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. திங்கட்கிழமை வசந்தா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாளே என்றுதான் யோசித்தேன்.

முக்கால் மணி நேரத்தின் பின் வயதான ஒரு கோப்ரல் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். என்னைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார்.

"நான் அங்கே இரண்டு வருடம் இருந்தேன்," என்று மற்றவர்களிடம் சொன்னார். "முழுப் பள்ளிக்கூடமும் இறங்கி உருட்டிக்கொண்டு போகும். கல்யாண மாப்பிள்ளையும் இறங்குவான். இந்த நோனாவுக்கு இங்கே இறங்கத் தேவையில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை." பிறகு என்னிடம், "அந்த மதகு வரைக்கும் திரும்பிப் போங்கள். ஏறி, எல்லோரையும் போல ஓடிக்கொண்டு வாருங்கள்," என்றார்.

போனேன். ஏறினேன். சோதனைச் சாவடிக்கு நேரே சைக்கிள் ஓடிக்கொண்டு வருவது எவ்வளவு கடினமென்று அங்கே வளர்ந்தவர்களுக்கு விளங்கும். கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. கோப்ரல் போக்குவரத்துப் பொலிஸ் மாதிரிப் பெரிதாகக் கையைக் காட்டினார். கடந்துவிட்டேன். பாலத்தின் நடுவில்தான் மூச்சு விட்டேன். பிறகு அந்த மூச்சே ஒரு மாதிரிச் சந்தோஷமாக மாறி, பல்கலைக்கழக வீதி முழுவதும் பறந்தேன்.

பேராதனையிலிருந்து கலஹா பதினேழு கிலோமீற்றர். ஹிந்தகலவைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. கியர் இல்லாத சைக்கிள், ஆகவே உண்மையைச் சொல்கிறேன்: அதில் பாதியை நான் உருட்டித்தான் போனேன். கலஹா பஸ் ஒன்று என்னைக் கடந்தபோது மிதிபலகையில் தொங்கிய கொண்டக்டர், "அக்கா, பெட்ரோல் முடிஞ்சிருச்சா?" என்று கத்தினார். அரை மணி கழித்து அதே பஸ் இறங்கி வந்தது. "இன்னும் இங்கதானா?" என்றார். வெட்கம் வரவில்லை. தேயிலையின் பச்சை வாசம், பனி விலகி வெயில் படும் மலை, ஒவ்வொரு வளைவிலும் கீழே சின்னதாகிக்கொண்டு போகும் வீதி. பஸ் யன்னலால் எத்தனையோ தடவை பார்த்த இடங்கள்தான். அன்றுதான் அங்கே இருந்தேன்.

ஒன்றரை மணிக்குக் கலஹா. வசந்தா கடைவீதியில் காத்திருந்தாள். "ஐயோ அக்கா, வந்துட்டீங்களா! மூஞ்சி என்னா இப்புடிச் செவந்து கெடக்கு?" என்று ஓடிவந்து முதலில் சைக்கிளைத்தான் தடவினாள். சோறு சாப்பிட்டு, பாடசாலை வரை ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாமென்று இருவரும் தோட்டத்துப் பாதையில் இறங்கினோம்.

இரண்டாவது கிலோமீற்றரில், தொழிற்சாலை வளைவில், பாதைக்குக் குறுக்கே ஓர் இரும்புக் கம்பம். நடந்து போகும்போது குனிந்து கடக்கிற கம்பம்தானே என்று அதை நாங்கள் இருவரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. பக்கத்தில் தகரக் கொட்டில். காவலுக்கு மாரிமுத்து.

"டீச்சரம்மா, நீங்க போங்க. சைக்கிள் நிக்கட்டும்."

"ஏன் மாமா, அது ஒங்கள என்னா பண்ணுச்சி?"

"வாகனம் எதுவும் தொர எழுதிக் குடுத்த துண்டு இல்லாம உள்ள போகக்கூடாது. பாதுகாப்புக்குப் போட்ட சட்டம்."

"இது வாகனமா மாமா?"

"சக்கரம் இருக்கா இல்லியா?"

தோட்டத்தை நடத்தும் துரை கொழும்பில். புதன்கிழமைதான் வருவார். நான் வாதாடிப் பார்த்தேன். "ஐயா, இது பள்ளிக்கூடத்துக்குப் போற சைக்கிள். ஒரு நாளைக்குக் கண்ணை மூடிக்கொள்ளுங்கோவன்."

"அம்மா பேசறது கேக்க நல்லாத்தான் இருக்கு. கண்ண மூடுனா எனக்கு வேல போயிரும். அப்புறம் எம் புள்ளைங்களுக்கு யாரு?"

அவர் சொன்னதில் தவறே இல்லை. நான் சைக்கிளைக் கொட்டிலில் சாத்தினேன். வசந்தா கம்பத்தைப் பார்த்தபடி நின்றாள். "விடுங்கக்கா. ஃபோர்ம் எழுதித்தானே வச்சிருக்கேன்," என்றாள்.

அந்த நேரம் பின்னேரக் கொழுந்து நிறுக்கப் போகிற பெண்கள் தலையில் மூட்டைகளோடு வந்து, கம்பத்துக்குக் கீழே குனிந்து குனிந்து போனார்கள். அவர்களில் லெட்சுமி என்பவள் நின்றாள். அவள் மகள் வசந்தாவின் வகுப்பில் படிக்கிறாள்.

"என்னா மாமா, டீச்சர மறிச்சி வச்சிருக்கீங்க?"

"டீச்சர மறிக்கல. வாகனத்த மறிச்சேன்."

"என் தலையில இருக்கிறத ஏன் மறிக்கல?"

"அது சும."

"அப்ப இதயும் தூக்கிட்டுப் போனா சுமதானே?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாரிமுத்து சிரிக்கவில்லை. கம்பத்தைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். "சுமைக்கு ஒண்ணும் சொல்லல," என்றார் கடைசியில். "ஆனா உருட்டக்கூடாது. சக்கரம் தரையில படக்கூடாது."

லெட்சுமியும் இன்னொருத்தியும் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். சைக்கிள் கம்பத்துக்கு மேலாகப் போய் அந்தப் பக்கம் இறங்கியது.

"தெனமும் யாரு தூக்குவா?" என்று கேட்டாள் வசந்தா. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பாரம் தூக்கக் கூடாது.

"காலைல நாங்க மலைக்குப் போற நேரந்தானே நீங்களும் வர்றீங்க. பின்னேரமும் இங்கனதான் நிப்போம். நீங்க ஏறி ஓட்டுங்க, எம் புள்ளைக்கு நான் சொல்லணும்."

வசந்தா ஏறினாள். ஒரு தடவை தேயிலைச் செடிக்குள் போய் வந்தாள். பிறகு நேரானாள். வளைவில் மறையும்வரை பெண்கள் கூவிக்கொண்டே நின்றார்கள். நான் பின்னால் நடந்தேன். ஓடச் சைக்கிள் இல்லாமல் நடந்தது அன்று எனக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். விடியவே புறப்படுங்கள், கலஹாப் பக்கம் பின்னேரம் மழை. பற்றுச்சீட்டும் அடையாள அட்டையும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். சைக்கிளை எங்கேயும் தனியாக விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள், இந்த நாட்களில் ஆளில்லாத சைக்கிளைக் கண்டால் தெருவே காலியாகிவிடும். கடைக்காரரிடம் கேட்டால் உள்ளே சாத்தி வைக்க விடுவார்கள். கண்டி நகரத்துக்குள் உருட்டுவதே வேகம். முக்கியமாக, வடக்கிலிருந்து வந்தவர்கள் இங்கே சோதனைச் சாவடியைக் கண்டதும் இறங்காதீர்கள். எனக்கு அது இன்னும் யோசனையாகவே இருக்கிறது. பதினாறு வருடம் இந்த ஊரில் இருந்தும், எங்கே இறங்க வேண்டும் என்பதை என் உடம்பு அங்கேயே வைத்திருக்கிறது. ஒரு கோப்ரல் சிரித்ததால் அன்று தப்பினேன். எல்லோருக்கும் அப்படி ஒருவர் தேநீரோடு வெளியே வருவார் என்று சொல்ல முடியாது.

கலஹாவிலிருந்து திரும்ப பஸ்ஸில் வந்தேன். அதே கொண்டக்டர். "சைக்கிள் எங்கக்கா?" என்றார். "வேலைக்குப் போயிட்டுது," என்றேன்.

திங்கட்கிழமை பின்னேரம் வசந்தா கலஹாத் தொலைபேசிக் கடையிலிருந்து கோல் எடுத்தாள். காலையில் லெட்சுமி ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கம் மாரிமுத்து மாமாவே வந்து பிடித்தாராம், சக்கரம் தரையில் பட்டால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும் என்று. "ஃபோர்ம் என்னாச்சு?" என்று கேட்டேன். கிழித்துவிட்டதாகச் சொன்னாள். பின்னால் பஸ் ஹோர்ன் சத்தம். அதற்கு மேலாகக் கத்தினாள்.

"அக்கா, இன்னிக்கி நான் போறப்ப ஸ்கூலே தொறக்கல! சாவி வாங்கியாந்து, மணிய நானே அடிச்சேன்!"