அர்ஜென்டினாவில் பனி விழுமா?

தேயிலை விலை படுத்துக் கிடந்த வருடம் அது. நான் ஊட்டி காந்தலில் புவியியல் வாத்தியார். அர்ஜென்டினா பாடம் நடத்தும்போது அங்கேயும் தேயிலை விளைகிறது என்பதை மட்டும் சொல்லாமல் தாண்டிவிடுவேன். பிள்ளைகளில் பாதிப் பேர் தேயிலைக் குடும்பம்.

அந்த நாட்டுத் தேயிலை மலிவாகக் கிடைக்கிறது என்று குன்னூர் தேயிலை ஏலத்துக்குப் போய்வந்த யாரோ என் வீட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக்காரர் காதில் போட்டுவிட்டார்கள். அவர் நேரே என்னிடம் வந்தார். அட்லஸை விரித்துக் காட்டினேன். வடகிழக்கு மூலையில் செம்மண், நல்ல மழை, சரிவு குறைந்த நிலம், அதனால் இயந்திரமே இலை வெட்டும் என்றேன்.

“ஏனுங்க சார், அங்க பனி உழுகுமுங்களா? அவங்க செடி கருகினா நம்ம வெல ஏறுமுங்களே.”

“ஜூன், ஜூலைல விழும். அப்ப அங்க இலை வெட்டவே மாட்டாங்க. அந்தப் பனி ஒண்ணும் செய்யாதுங்க.”

பொய் சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன படிப்பு விடவில்லை.

டிசம்பர் வந்தால் உறைபனிக்குப் பயந்து எல்லோரும் இளஞ்செடிகளைப் பெரணித் தழையால் மூடுவார்கள். அந்த டிசம்பரில் அவர் தோட்டம் மட்டும் திறந்தே கிடந்தது. கருகிவிடுமே என்றேன்.

“அங்கத்தப் பனி ஒண்ணும் செய்யாதுன்னீங்க. இதாவது செய்யட்டுமுங்க” என்றார்.