மாப்பிள்ளைத் தவளை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உத்திரமேரூர்ப் பக்கத்துக் குட்டைகள் போடுகிற கூச்சல் இருக்கிறதே, அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எழுபத்தொன்றில் ஏனாத்தூரிலிருந்து கன்னியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பாஞ்சாலி முதல் வாரமே காதைப் பொத்திக்கொண்டாள். குட்டையை ஒட்டித்தான் வீடு.

"இன்னாய்யா ஊரு இது, மனுசன் தூங்க வாணாமா?"

கன்னியப்பனுக்கோ அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் தூக்கம் வராது. சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அந்தச் சத்தத்தைத்தான் பிறகு கோணியில் கட்டி விற்றான். மெட்ராஸிலிருந்து ஒரு ஏஜெண்ட் வேனில் வந்து, தவளைத் தொடை வெளிநாட்டில் உசத்தியான கறி என்றார். ஊரே சிரித்தது. கன்னியப்பன் மட்டும் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வரப்பில் இறங்கினான். நல்ல கைராசி. 'தவள கன்னியப்பன்' என்று பேரே நிலைத்தது. குட்டை ஓய்ந்தது, ஏரிக்கால்வாயும் ஓய்ந்தது. ஒரு ஐப்பசியில் பாஞ்சாலி பாயில் புரண்டுகொண்டே, "சத்தமே இல்லாம பேஜாரா கீது" என்றாள். அவன் தூங்குவதுபோல் கிடந்தான்.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. தவளைக்குக் கல்யாணம் செய்துவைத்தால் மழை வரும் என்பது ஊர் வழக்கம். நாட்டாண்மை தாண்டவராயன் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீதான்டா தவள ஆளு. பொண்ணு ஒண்ணு, மாப்ள ஒண்ணு. வெள்ளிக்கெழமக்குள்ள கொண்டாந்துடு."

"இதுக்கின்னா நைனா, நாளைக்கே கொண்டாரேன்."

நாலு நாள் அலைந்தான். மூட்டை மூட்டையாக வேனில் ஏற்றியவனுக்கு ஒரு ஜோடி அகப்படவில்லை. வறட்சிமேல் பழிபோடலாம்தான். ஆனால் போன வருஷமே குட்டை ஊமையாகிவிட்டது அவனுக்குத் தெரியுமே. ஊர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கூனிக்குறுகிப் போனான்.

கடைசியில் காவாந்தண்டலத்தில் செல்லம்மாள் என்கிற விவசாயியின் கிணற்றில் குரல் கேட்டது. அந்தம்மாள் இடுப்பில் கைவைத்து வழிமறித்தாள்.

"தவள கன்னியப்பன்தான நீ? பூச்சி மருந்து அடிக்கிறவன கூட நான் கெணத்தாண்ட வுடல. உன்ன வுடுவனா?"

"கல்யாணத்துக்கும்மா."

"கல்யாணம் முடிஞ்சா எங்க போவும்? வேனுக்கா?"

"எங்க ஊட்டாண்ட குட்டைக்கு. இனிமே இத தொடமாட்டேன்." அவள் இறங்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். எது மாப்பிள்ளை என்று பார்த்து எடுக்க மட்டும் அவனுக்குப் பாடம் தேவைப்படவில்லை.

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. மஞ்சள், குங்குமம், வேப்பிலை, மேளம், எதிலும் குறையில்லை. மழைதான் அந்த வருஷம் வரவில்லை. மணமக்களைக் குட்டையில் மிச்சமிருந்த சேற்றுத் தண்ணீரில் விட்டான்.

அன்று முதல் குட்டைக்கு அவன்தான் காவல். மருந்தடிக்கிற மெஷினை அங்கே கழுவ வந்த நாட்டாண்மையின் ஆட்களோடு மல்லுக்கு நின்றான். ஏஜெண்டின் வேன் வந்தபோது, "இங்க ஒண்ணுமில்ல சார்" என்று திருப்பி அனுப்பினான். தவளை ஏற்றுமதி கூடாது என்று சர்க்கார் சொன்னது எண்பத்தேழில். கன்னியப்பனின் சட்டம் அதற்கு ஐந்து வருஷம் மூத்தது. பழைய பேர் மட்டும் போகவில்லை. பிடித்தவனுக்கு வைத்த பேர் காக்கிறவனுக்கும் பொருந்தியது.

எண்பத்துமூன்று ஐப்பசியில் மழை பெய்தது. குட்டை நிறைந்தது, சத்தமில்லை. அவ்வளவுதான், இரண்டும் செத்துப்போயிருக்கும் என்று உட்கார்ந்துவிட்டான். சாப்பாடுகூட இறங்கவில்லை.

அடுத்த ஐப்பசி. விளக்கு வைக்கிற நேரத்தில் குட்டையின் அக்கரையிலிருந்து கரகரவென்று ஒரு குரல். இக்கரையிலிருந்து இன்னொன்று. சற்று நேரத்தில் எண்ண முடியாத அளவுக்கு எழுந்தது. கன்னியப்பன் வாசலில் நின்று மழையில் நனைந்துகொண்டே அழுதான்.

உள்ளே பாஞ்சாலி முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாய்யா ஊரு இது," என்றாள், "மனுசன் தூங்க வாணாமா?"