இடியப்பத் தட்டு மேசை

எங்கள் தலைமையாசிரியைக்கு அழுக்கென்றால் ஆகாது. எனக்கோ அழுக்குதான் பிழைப்பு. மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டத்து நடுவில் இருக்கும் சின்னத் தமிழ்ப்பள்ளியில் நான் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' சொல்லிக் கொடுக்கிறேன். பேர்தான் பெரிசு. ரம்பம் பிடிக்கணும், டிரில் போடணும், பசை ஒட்டணும், விரலை வெட்டிக்காமல் வீடு போய்ச் சேரணும். அவ்வளவுதான் பாடம்.

பட்டறைக்கென்று தனி அறை கிடைத்த அன்று நான் ஆடாத குறைதான். கருவிகளைக் கல்வி இலாகா கொடுத்தது. மேசை மட்டும் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரோ வேண்டாமென்று போட்டிருந்தது. பிள்ளைகளின் அப்பாக்கள் லோரியில் ஏற்றி வந்து இறக்கினார்கள். நல்ல கட்டை. ஆனால் எங்களிடம் மாட்டியதும் அதற்குக் கெட்ட காலம் பிடித்தது.

பலகையில் ஓட்டை போடும்போது அடியில் ஒரு வேண்டாத கட்டை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் டிரில் பலகையைத் தாண்டி மேசைக்குள் இறங்கிவிடும். இதை நான் தொண்டை வறளக் கத்துவேன். "வெச்சிட்டோம் டீச்சர்!" என்று கோரஸாகப் பதில் வரும். பலகையைத் தூக்கினால் மேசையில் புதுசாக ஓர் ஓட்டை சிரிக்கும். யார் போட்டது? ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மேசையே தனக்குத் தானே போட்டுக்கொண்டதுபோல எல்லோரும் அதையே பார்ப்பார்கள்.

"இது மேசையா, இடியப்பத் தட்டா டீச்சர்?" என்று தலைமையாசிரியை வாரம் தவறாமல் கேட்பார். எனக்கு உள்ளுக்குள் எரியும்.

இந்த நேரத்தில்தான் மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து செய்தி வந்தது. கருவிகளைப் பள்ளிகள் உபயோகிக்கின்றனவா என்று அதிகாரி வந்து பார்ப்பாராம். சும்மா கிடந்தால் எடுத்து டவுனில் பெரிய பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்களாம். என்றைக்கு வருவார் என்று சொல்லவில்லை. கருவி போனால் திரும்பி வரவா போகிறது? என் பிள்ளைகள் பழையபடி ரம்பத்தின் படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதற்குள் ஆயுத பூசை வந்தது. தலைமையாசிரியை முந்தின நாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினார். ரம்பத்தை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தோம். டிரிலின் இண்டு இடுக்கெல்லாம் பழைய பல் துலக்கியால் குடைந்தோம். பிள்ளைகள் செய்து வைத்திருந்த கோணல் தட்டுகளும் ஒரு பக்கம் நொண்டும் கைப்பேசித் தாங்கிகளும், "சாமி முன்னாடி இந்தக் கண்றாவியா?" என்ற ஒரே வார்த்தையில் வீட்டுக்குப் போய்விட்டன. இடியப்பத் தட்டின்மேல் சிவப்புப் பட்டுத் துணி தரைவரைக்கும் தொங்கியது. அதன்மேல் கருவிகளை அடுக்கி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்தோம். பசைத் துப்பாக்கி கல்யாணப் பொண்ணு மாதிரி பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலையில் பூசை முடிந்து பிள்ளைகள் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. இலாகா அதிகாரி. பாஜு கூரோங் உடுப்பும் முக்காடும் போட்ட, கண்டிப்பான முகமுள்ள மலாய்க்கார அம்மா. அட கடவுளே, வருஷத்தில் வேறு நாளே கிடைக்கலையா!

உள்ளே வந்தவர் ரம்பத்தைக் குனிந்து பார்த்தார். டிரிலைப் பார்த்தார். எல்லாம் பளபளவென்று மின்னியது.

"புத்தம் புதுசா இருக்கே. தொட்டதே இல்லையா?" என்று மலாயில் கேட்டார்.

"தினமும் தொடுறோம் புவான்!" என்றேன்.

"பிள்ளைங்க செஞ்ச சாமான் எங்கே?"

வீட்டில். அப்படியே சொன்னேன், அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

"சரி, இப்ப ஒரு பலகை அறுத்துக் காட்டுங்க."

நான் ரம்பத்துக்குக் கை நீட்டினேன். தலைமையாசிரியை என் மணிக்கட்டைப் பிடித்தார். "டீச்சர்! நாளைக்கு மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும். சாமி குத்தம் லா!"

அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. சாமான் இல்லை, கருவியைத் தொடக்கூடாது, வேறென்ன இருக்கிறது எங்களிடம்?

விறுவிறுவென்று போய்ப் பட்டுத் துணியின் முன்பக்கத்தை மட்டும் தூக்கிப் பிடித்தேன். "புவான், இதைப் பாருங்க!"

மேசை ஓரமெல்லாம் ரம்பம் கடித்த தடம். அதிகாரி குனிந்தார். பிறகு மண்டியிட்டார். பிறகு தலையை அடியில் விட்டு அண்ணாந்து பார்த்தார். ஓட்டை ஓட்டையாகச் சிவப்புத் துணி தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஓட்டையை விரலால் நோண்டினார். மரத்தூள் பொலபொலவென்று அவர் முக்காட்டில் கொட்டியது. தலைமையாசிரியை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் யார் போட்டது?" அடியிலிருந்து குரல் வந்தது.

வருஷம் முழுக்க வாயைத் திறக்காத கூட்டம் அது. சுண்டலை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்தது. "நான்தான் புவான்!" "அந்தப் பெரிய ஓட்டை என்னோடது!" "பொய் சொல்றான் புவான், அது நான் போட்டது!" சண்டையே மூண்டுவிட்டது.

அதிகாரி மரத்தூளோடு வெளியே வந்தார். சிரித்துச் சிரித்து அவர் முகம் சிவந்திருந்தது. கருவிகள் இங்கேயே இருக்கட்டும் என்றார், மேசையைத்தான் மாற்ற வேண்டும் என்றார், இரண்டு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

புது மேசையும் வந்தது. வார்னிஷ் வாசனை போகாத, முகம் பார்க்கலாம்போன்ற மேசை. தலைமையாசிரியை இனி இதில் பட்டுத் துணியைப் போட்டு மூடி எங்களைத் துரத்தப்போகிறார் என்று நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவரோ அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தடவிப் பார்த்தார்.

"ரொம்பப் புதுசா இருக்கே டீச்சர். மறுபடி வந்தாங்கன்னா என்ன நெனைப்பாங்க?"

சொல்லிவிட்டு ஒரு பலகையை வைத்தார், டிரிலைக் கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தப் போனார். பிள்ளைகள் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் இருந்த பெண்பிள்ளைக்குத்தான் பொறுக்கவில்லை.

"டீச்சர், அடியில கட்டை வெக்கலை!"