கண்ணாடியில் இல்லாத மகள்

கடையில் விற்க வாங்கிய பீங்கான் பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, ஸ்கூட்டியில் என் காலடியில் வைத்திருந்தேன். பின்னால் எட்டு வயது மகள். வேப்பூர் சாலை திரும்பும் முனையில் ஒரே பள்ளம். குலுங்கினால் பொம்மை உடைந்துவிடுமே என்ற பதற்றத்தில், நின்றிருந்த லாரியின் இடப்பக்கம் ஒட்டி, பள்ளமில்லாத தார்ப்பகுதியில் முன்னேறினேன். ஹாரன் அடித்தேனே, பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

லாரி இடப்பக்கம் திரும்பியது. மகள் அலறினாள். அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளிச் சக்கரம் நின்றது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

டிரைவர் என்ஜினை அணைத்து இறங்கினார். "நீங்களே மேல ஏறிப் பாருங்கம்மா."

மகளை ஸ்கூட்டியருகே நிற்கவைத்துவிட்டு, அவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். பக்கக் கண்ணாடியில் சாலை தெரிந்தது. ஜன்னலில் எதிர்க்கடை தெரிந்தது.

"பாப்பா தெரியுதுங்களா?"

தெரியவில்லை. "எங்கடி இருக்க?" என்றேன்.

"இங்கதாம்மா நிக்கிறேன்" என்று கீழிருந்து குரல் மட்டும் வந்தது.

வீட்டில் பெட்டியைப் பிரித்தேன். ஒரு பொம்மையில்கூடக் கீறல் விழவில்லை. அவற்றுக்குத்தான் எவ்வளவு வைக்கோல் சுற்றியிருந்தேன்!